பச்சைப் புள்ளிக்குப் படகு வராது: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு சனிக்கிழமை

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பதினொரு கிலோமீற்றர். மழை இல்லாத ஒரு ஞாயிறு காலையில் முப்பத்தைந்து நிமிடம் போதும். கடந்த மழைக்காலத்தில், களனி ஆறு பெருகியிருந்த ஒரு சனிக்கிழமை, அதே தூரத்துக்கு எனக்கு மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. அதில் ஒன்றேகால் மணிநேரம் நான் நகரவே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நின்று ஒரு புள்ளியின் நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். மலை ஏறுவது, கடலோரத்தில் தங்குவது என்று எழுதுகிற இந்தப் பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலையில் வழி தவறினால் கேட்க ஒருவரும் இல்லை என்ற ஆறுதலாவது உண்டு. அன்று நான் கேட்ட எல்லோரிடமும் பதில் இருந்தது.

பயணத்தின் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி, சிவஞானம் என்று பெயர், துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டாதவர். கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் பக்கம் சரிந்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடிவீடொன்றின் மேல்தளத்தில் தனியே இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாததால் செவ்வாயும் சனியும் பிற்பகல் இரண்டு மணிக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை காய்ச்சலும் மழையுமாகத் தவறிவிட்டது. இன்னொரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று வைத்தியர் எங்கள் எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்லியிருந்தார். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

காலை 6.50க்கு மாமா எனக்குப் போன் எடுத்தார்.

"தண்ணி கீழ்வீட்டு ஜன்னல் மட்டத்துக்கு வந்திட்டுது, பிள்ளை. நான் மேல இருக்கிறன். பிரச்சினையில்லை."

"இண்டைக்கு ரெண்டு மணிக்கு மெசின் எல்லோ, மாமா?"

"அதுதான் பிரச்சினை."

இரவே மின்சாரம் போய்விட்டது. போனில் நாலு வீதம்தான் சார்ஜ் மிச்சம். வெள்ளவத்தையில் தொண்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு தகவல் மையம் நடத்துவதும், அங்கே போன் எடுத்தால் படகு அனுப்புவதும் எனக்குத் தெரியும். இலக்கத்தைச் சொன்னேன். "சுருக்கமாக் கதையுங்கோ மாமா, சார்ஜ் முடிஞ்சிடும். கேட்டதுக்கு ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்" என்றும் சொன்னேன். இந்த ஆலோசனையை வழங்கியவள் நான்தான் என்பதை இங்கேயே பதிந்து வைக்கிறேன்.

மையத்தின் வரைபடத்தை யாரும் போனில் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. சிவப்பு என்றால் ஆள் உள்ளே, மீட்க வேண்டும். பச்சை என்றால் ஆள் வெளியேறிவிட்டார். 7.15க்குப் பார்த்தபோது மாமாவின் வீட்டுக்கு மேல் அழகான பச்சைப் புள்ளி ஒன்று இருந்தது. 6.50க்கு ஜன்னல் மட்டத் தண்ணீருக்கு மேலே இருந்த மனிதர், இருபத்தைந்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லாமல் வெளியேறியிருந்தார். மாமாவுக்குப் போன் எடுத்தேன். நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குள் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் குடும்ப வட்ஸ்அப்பில், "மாமா பச்சை! கடவுளுக்கு நன்றி" என்று போட்டுவிட்டாள். கீழே பதினெட்டுக் கைகூப்பல்கள். ஒரு குடும்பம் முழுவதும் நிம்மதியாக இருக்கும்போது தனியாகக் கவலைப்படுவது எவ்வளவு அநாகரிகம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

8.05க்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். மையம் இயங்கிய கல்யாண மண்டபம், காலி வீதி என்ற பெருவீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், என் வீட்டிலிருந்து தொளாயிரம் மீற்றர். குடை பயன்படவில்லை. அங்கே முந்தின வாரக் கல்யாணத்தின் சோடனை இன்னும் கழற்றப்படவில்லை. மணவறைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, அதில் கொழும்பின் வரைபடத்தைப் புரொஜெக்டரில் விழுத்தியிருந்தார்கள். வரும் கோல்களுக்குப் பதில் சொல்பவர்கள் 'மணமகள் அறை'யில் இருந்தார்கள். 'மணமகன் அறை'யில் கணினிகள். சாப்பாட்டுக் கூடத்தில் உலர் உணவுப் பொதிகள்.

கேலி செய்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. மையத்தைப் பொறுப்பாக நடத்திய நிரோஷன், பகலில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்பவர், இரண்டு நாளாகத் தூங்காத முகம், எனக்கு வரைபடத்தைக் காட்டினார். வியாழக்கிழமை வரை எல்லாமே வட்ஸ்அப்பில்தான் நடந்ததாம். வத்தளையில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு ஐயாவுக்காக நாற்பத்தொரு வேண்டுகோள்கள். லண்டனில் இருந்து, சிட்னியில் இருந்து, ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கம் ஒவ்வொரு மாதிரி. படகுக்காரர் அந்த ஐயாவை நாற்பத்தொரு பேர் என்று நினைத்துப் பெரிய படகு எடுத்துப் போயிருக்கிறார். இப்போது ஒரே வீட்டுக்கு வரும் தகவல்கள் எல்லாம் ஒரு புள்ளிக்குள் சேர்கின்றன. எந்த வீதியில் தண்ணீர் ஏறுகிறது, எந்த முகாமில் இடம் இருக்கிறது, எந்தப் படகு எங்கே நிற்கிறது, எல்லாம் ஒரே துணியில். வியாழக்கிழமைக் குழப்பத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு அதிசயம்தான். அந்த அதிசயத்துக்குள்தான் என் மாமா பச்சையாக இருந்தார்.

"தம்பி, அவர் வெளிக்கிடேல்ல. நான் ஆறு ஐம்பதுக்குக் கதைச்சனான்."

நிரோஷன் திரையில் தேடினார். "ஏழு பதினொண்டுக்கு அவரே எங்களுக்குக் கோல் எடுத்திருக்கிறார், அக்கா. எவக்குவேட்டட், யெஸ் எண்டு கிடக்கு, வெளியேறிட்டார் எண்டு. உங்களோட கதைச்சதுக்குப் பிறகுதான்."

"இருபது நிமிசத்தில அந்தத் தண்ணிக்குள்ளால எப்பிடிப் போறது? படியிறங்கவே ஆள் பிடிக்கவேணும்."

"ஆரும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆள் சொன்னதைத்தான் நாங்கள் போட்டிருக்கிறம்."

"அப்ப சிவப்பாக்கி விடுங்கோ. பிழையெண்டா என்ர தலையில."

அது முடியாது. வத்தளை ஐயாவுக்குப் பிறகு ஒரு விதி வந்திருக்கிறது. உறவினர் சொல்லி எந்தப் புள்ளியும் நிறம் மாறாது. ஒன்றில் ஆள் தன் போனிலிருந்து சொல்ல வேண்டும், அல்லது களத்தில் நிற்கும் படகுக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாமாவின் போன் செத்துவிட்டது. அப்படியானால் படகுக்காரர் போய்ப் பார்க்கட்டும் என்றேன்.

"பச்சைக்குப் படகு அனுப்பிறேல்ல, அக்கா."

"பச்சையோ இல்லையோ எண்டு பாக்கத்தான்."

"விளங்குது. ஆனா பச்சைக்கு அனுப்பிறேல்ல."

இந்த உரையாடலை வெவ்வேறு சொற்களில் நான்கு தடவை நடத்தினோம். அவர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் கோபமூட்டியது. இன்னொரு குழப்பமும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது, அப்போது நான் கவனமெடுக்கவில்லை. கொட்டாஞ்சேனைப் படகுகள் காலையிலிருந்து சிவப்பு வீடுகளுக்குப் போக, பல வீடுகள் பூட்டிக் கிடந்தனவாம். "பயத்தில சனம் முதலே புக் பண்ணி வைக்குது போல" என்று நிரோஷன் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். மணமகள் அறை வாசலில் ராஜேஸ்வரி ரீச்சர், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, ஒரு காதில் போனோடு எனக்கு பிஸ்கட் நீட்டினார். எடுத்துக்கொண்டு 9.40க்கு வெளியே வந்தேன். களத்தில் நிற்கிற படகுக்காரரிடம் நேரே போவதைத் தவிர வேறு வழியில்லை.

பாதை விபரம் வேண்டுவோருக்கு: காலி வீதியில் கொட்டாஞ்சேனை என்று பலகை போட்ட 102 பஸ் 9.55க்கு வந்தது, டிக்கட் எண்பது ரூபாய். கொள்ளுப்பிட்டி வரை வழமை. கோட்டையிலிருந்து புறக்கோட்டை வரை, சாதாரணமாகப் பத்து நிமிடத் தூரம், நாற்பது நிமிடம். கொச்சிக்கடைத் தேவாலயத்தடியில் 11.15க்கு பஸ் நின்றது, நின்றதுதான். முன்னால் வாகன நெரிசல், இதற்கு மேல் போகாது என்று கொண்டக்டர் சிங்களத்தில் அறிவித்தார். பலகையில் கொட்டாஞ்சேனை என்று இருக்கிறதே என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். பலகை காலையில் போட்டது என்றார். அன்று கேட்ட பதில்களில் நேர்மையானது அதுதான்.

அங்கிருந்து ஓட்டோ, ஒன்றரைக் கிலோமீற்றர், முந்நூற்றைம்பது ரூபாய். ஓட்டோக்காரர் மேட்டில் இறக்கிவிட்டார். ஒழுங்கைக்குள் இருநூறு மீற்றர் நடந்ததும் வீதி முடிந்து தண்ணீர் தொடங்கியது. மணி 11.40. கபில நிறத் தண்ணீரில் ஒரு நீலத் தண்ணீர்த்தாங்கி ஆடிக்கொண்டிருந்தது. கரையில் இரண்டு மீன்பிடிப் படகுகள். பொறுப்பாக நின்றவர் அன்டன் அண்ணை, முகத்துவாரத்து மீனவர், ஐம்பது வயதிருக்கும், பொலித்தீன் உறைக்குள் கட்டிய ஒரு டெப்லெட்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூட நின்றவர் சுனில், சிங்களவர், அவருடைய படகுத் துணை.

நான் விசயத்தைச் சொன்னேன். அன்டன் அண்ணை டெப்லெட்டைத் துடைத்துப் பார்த்தார்.

"உங்கட மாமா பச்சை, தங்கச்சி."

"அது தெரியும். ஆள் உள்ளுக்குத்தான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். முந்தநாள் உந்தச் சொல்லைக் கேட்டு ஒரே வீட்டுக்கு மூண்டு தரம் போனம். மூண்டாம் தரம் அந்த மனிசி எங்களுக்குத் தேத்தண்ணி போட்டு வைச்சிருந்தது. அடுத்த ஒழுங்கையில பிள்ளைத்தாச்சி ஒண்டு விடியும் வரைக்கும் கூரையில. அதுக்குப் பிறகு நான் உந்தச் சாமானைத்தான் நம்பிறது." டெப்லெட்டைத் தட்டினார். "உது அழாது, கத்தாது, சொந்தக்காரன் எண்டு வராது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன். இரண்டு படகு, பத்தொன்பது சிவப்புப் புள்ளி, முன்னால் நின்று குரலை உயர்த்தும் ஒரு பெண். ஆனால் இரண்டு மணிக்கு இன்னும் இரண்டேகால் மணித்தியாலம்தான் இருந்தது.

"அப்ப ஒண்டு சொல்லுங்கோ, அண்ணை. காலமையிலிருந்து போன சிவப்பு வீட்டில எல்லாம் சனம் இருந்ததோ?"

அவர் முகம் மாறியது. "அதையேன் கேக்கிறீங்கள். அஞ்சு வீடு பூட்டு. ஒரு வீட்டில நாய் மட்டும் நிண்டது. அதை ஏத்திக்கொண்டு வந்தம், வெறுங்கையோட வாறதோ எண்டு."

சிவப்பில் ஆள் இல்லை, பச்சையில் ஆள் இருக்கிறார். இதை இரண்டு தனித்தனிப் பிழைகளாக நினைக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. மையத்துக்குப் போன் எடுத்து, மாமாவின் கோலை எடுத்தது யார் என்று கேட்டேன். ராஜேஸ்வரி ரீச்சர். போனை அன்டன் அண்ணைக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன்.

"ஓம், பிள்ளை, எனக்கு நினைவிருக்கு. தெளிவாக் கேட்டனான், அவரும் தெளிவா ஓம் எண்டவர். இன்னும் படகு போகேல்லையோ?"

"நீங்கள் என்ன கேட்டனீங்கள், ரீச்சர்? அந்த வசனத்தை அப்பிடியே வாசியுங்கோ."

காகிதம் புரளும் சத்தம். பிறகு, வகுப்பில் வாசிக்கிற குரலில்: "இன்னும் வீட்டிலிருந்து வெளிக்கிடவில்லையா?"

அன்டன் அண்ணை தலையை நிமிர்த்தினார். "அதுக்கு ஓம் எண்டால், வெளிக்கிடேல்ல எண்டெல்லோ அர்த்தம்!"

"வேற என்ன அர்த்தம்?" என்றார் ரீச்சர், குழம்பிப்போய்.

கதை இதுதான். படிவத்தின் மூலம் ஆங்கிலத்தில் இருந்தது, 'எவக்குவேட்டட்' என்று ஒற்றைச் சொல்லும் ஒரு கேள்விக்குறியும். அதற்கு இயந்திரம் கொடுத்த தமிழ், "நீங்கள் போய்விட்டீர்களா?" வியாழக்கிழமை இரவு அதைப் பார்த்த ரீச்சர் திடுக்கிட்டிருக்கிறார். வெள்ளத்துக்குள் இருக்கிற மனிதரிடம் போய்விட்டீர்களா என்று கேட்பதா? வாசற்படியில்கூடப் 'போறன்' என்று சொல்லாமல் 'போட்டு வாறன்' என்று சொல்லுகிற ஆட்கள் நாங்கள். அபசகுனம் என்று, நல்ல மனதோடு, கேள்வியை மென்மையாக்கிவிட்டார். ரீச்சர் 'ஓம்' பொத்தானை அமர்த்தும்போது படகை அழைப்பதாகவே நினைத்தார். பொத்தானுக்குப் பின்னால் இருந்த ஆங்கிலப் பெட்டிக்கு கேள்வி மாறியது தெரியாது. அது 'யெஸ்' என்று எழுதிக்கொண்டு பச்சை பூசியது. ஏற்கெனவே வெளியேறி, "இல்லை, இல்லை, வெளிக்கிட்டாச்சு" என்று சொன்னவர்கள் எல்லாம் சிவப்பாகி, தங்கள் பூட்டிய வீடுகளுக்குப் படகு வரவழைத்தார்கள்.

அன்டன் அண்ணை சுனிலுக்கு இதைச் சிங்களத்தில் சொன்னார். சுனிலுக்கு ஒரு நொடியில் விளங்கி, தலையில் அடித்துக்கொண்டார். சிங்களத்திலும் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான். படகில் இருந்தவருக்கும் கரையில் இருந்தவருக்கும் மாடியில் இருந்தவருக்கும் விளங்கிய ஒரு சொல், எங்களில் ஒருவரும் வீட்டில் பேசாத மொழிக்குள் போய்த் தலைகீழாகியிருக்கிறது.

போனில் நிரோஷனின் குரல் வந்தது. நான் வசை எதிர்பார்த்தேன், அல்லது விதி. "அக்கா, நாலு நிமிசம் தாங்கோ" என்றார். தமிழ்ப் படிவத்தில் வந்த எல்லாப் பதில்களையும் பிரித்தெடுத்து ஒரேயடியாகத் திருப்புகிறாராம். களத்தில் படகுக்காரர் கேட்டு உறுதிப்படுத்தினார் என்று காரணமும் எழுதுவாராம். விதி விதிதான்.

அந்த நாலு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். மூவரும் ஒரு பொலித்தீன் உறைக்கு மேல் குனிந்து நின்றோம். மழை அதில் விழ விழ அன்டன் அண்ணை பெருவிரலால் வழித்தார். ஒரு புள்ளி சிவந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று, அதில் ஒன்று மாமா. மொத்தம் பதினாலு வீடுகள் பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்தன. பூட்டிய வீடுகள் பச்சைக்குப் போயின. நான் கத்தியிருந்தால் ஒரு வீட்டைக் காட்டியிருப்பேன். மற்றப் பதின்மூன்றையும் கத்தத் தெரிந்த எந்த உறவினரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பிழை விட்ட அதே பெட்டிதான் தன் பிழை எங்கெங்கே இருக்கிறது என்றும் சொன்னது. எரிச்சலோடு ஒத்துக்கொள்கிறேன்.

"சுனில், யமு" என்றார் அன்டன் அண்ணை, போவோம் என்று சிங்களத்தில். படகு 12.10க்குப் புறப்பட்டது. என்னை ஏற்றவில்லை. "நீங்கள் ஏறினா ஒரு ஆளின்ர இடம் போச்சு" என்றார்.

12.35க்குத் திரும்பி வந்தது. மூன்று வீட்டிலிருந்து ஏழு பேர், ஒரு பூனை. மாமா நடுவில், மடியில் சிகிச்சை விபரம் எழுதும் ஆஸ்பத்திரிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சேட்டோடு இருந்தார். முகம் வீங்கியிருந்தது, கால்களும். தூக்கித்தான் இறக்கினார்கள்.

"அந்த ரீச்சர் நல்ல மரியாதையான மனிசி" என்றார் என்னைக் கண்டதும். மூச்சு வாங்கியது. "ஓம் எண்டு சொன்ன உடன, சந்தோசம் ஐயா, இனிப் பயமில்லை எண்டவ. நானும் சேட்டைப் போட்டு வெளிக்கிட்டு அஞ்சு மணித்தியாலமா இருந்தனான்."

மேட்டிலிருந்து களுபோவிலவுக்குப் பதின்மூன்று கிலோமீற்றர், ஓட்டோ இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். பேஸ்லைன் வீதியைத் தவிர்க்கச் சொன்னது அதே வரைபடம்தான், அந்த விசயத்தில் அது சரியாக இருந்தது. 2.20க்கு வாசலில் இறங்கினோம். தாதி கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் சேற்றைப் பார்த்தார், மாமாவைச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். 2.45க்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஏழு மணிக்கு மாமா டோஸ்ட் கேட்டார்.

இதே போன்ற பயணம் வாய்க்கக்கூடியவர்களுக்கு நான் கற்றது: போனில் சார்ஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். "நான் வீட்டுக்குள் இருக்கிறேன், படகு வேண்டும்" என்று முழு வசனமாகச் சொல்லுங்கள். அதற்கு மூன்று விநாடிதான் ஆகும். வரைபடத்தில் உங்கள் வீட்டின் நிறத்தை நீங்களே பாருங்கள், பிழை என்றால் மையத்தோடு சண்டை பிடிக்காமல் படகு நிற்கும் கரைக்குப் போங்கள். காலுக்கு இறுக்கமான செருப்பு, ஆஸ்பத்திரிக் கொப்பிக்குப் பொலித்தீன் பை. இப்படியான மையங்களில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று: ஒரு கேள்வியைத் திருத்தினால் அதன் பதில் எங்கே போய் விழுகிறது என்று ஒரு தடவை பின்னால் போய்ப் பாருங்கள். ரீச்சர் இப்போது போன் எடுப்பவர்களுக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறாராம். நிரோஷன் படிவத்திலிருந்து அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டு, 'வீட்டுக்குள் எத்தனை பேர்?' என்று மாற்றியிருக்கிறார். எண்ணுக்கு எந்த மொழியிலும் தலைகீழ் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது அவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மையத்தின் வேறொரு பிரிவு, பயனாளிகளின் கருத்தறிகிறது. அதையும் யாரோ நல்ல மனதோடு மென்மையாக்கியிருந்தார்கள். "எமது சேவையில் உங்களுக்குத் திருப்தி இல்லையா?" கீழே இரண்டு பொத்தான்கள்.

மாமா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். அந்த ஐந்து மணித்தியாலத்தை நினைத்திருக்க வேண்டும். நான் தடுப்பதற்குள் 'ஓம்' என்பதை அழுத்தமாக அமர்த்தினார்.

திருப்தியடைந்தோர் தொகையில் அன்று ஒன்று கூடியிருக்கும்.